ஞாயிறு முதல் வியாழன் வரை: ரோமியோ ஜூலியட் ஒத்திகைக் குறிப்புகள்

ஜூலை 14, ஞாயிறு

கதை நடப்பது ஜூலை நடுவில். ஆகஸ்ட் 1 லாமஸ் திருநாளுக்கு இரண்டு வாரமும் சில நாளும் இருப்பதாக, செவிலித்தாய் கேட்க, ஜூலியட்டின் அம்மா சொல்கிறாள்; அதற்கு முந்தின இரவு ஜூலியட்டுக்கு 14 நிறையும். அதனால் இந்த வாரம் எந்தக் கிழமைக் காட்சியோ அந்தக் கிழமையில் ஒத்திகை. மூலமான ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையில் அவளுக்கு வயது 16, கதை மாதக்கணக்கில் நகரும். ஷேக்ஸ்பியர் வயதையும் குறைத்தார், மாதங்களை நாட்களாகவும் சுருக்கினார். நடிப்பவர் ஒவ்வொருவரும் இந்த அவசரத்தை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

விருந்தில் இருவரும் முதன்முதலாகப் பேசும் 14 வரிகள் சேர்ந்து ஒரே சானட், அதாவது பதினான்கு வரிப் பாட்டு. ரோமியோ நான்கு, ஜூலியட் நான்கு; பிறகு ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. முத்தம் பதினான்காம் வரி முடிந்தபின்தான். ஒருவர் விட்ட மூச்சில் மற்றவர் எடுக்காவிட்டால் பாட்டு உடைந்து வெறும் பேச்சாகிவிடும்.

உப்பரிகைத் தளத்துக்கு எட்டடி உயரம் வைத்தோம். கீழே நிற்பவர் கையை நீட்டினால் ஏழடிக்குத்தான் எட்டும். கைப்பிடிச் சுவர் அடைப்பாக இருக்கட்டும். கம்பி வைத்தால் ஜூலியட் மண்டியிட்டு இடைவெளி வழியே கையை விட்டுவிடலாம். விரல் தொட்டதும் ஏக்கம் போய்விடும்.

ஜூலை 15, திங்கள்

மதியம் ரகசியக் கல்யாணம், ஒரு மணி நேரத்தில் கொலை. ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட்டின் வாள் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவைக் குத்துவது, விலக்க வந்த ரோமியோவின் கைக்கு அடியில். ரோமியோ மெர்குஷியோவின் வாள் மணிக்கட்டைப் பிடித்தே ஆக வேண்டும். சும்மா குறுக்கே நின்றால், தடுக்கப்போய்த்தான் நண்பன் செத்தான் என்பது பார்வையாளருக்குத் தெரியாது. மழுங்கிய வாள், மேடையின் பின்பக்கமாக, விலாவுக்கும் கைக்கும் நடுவில் போகும். ரோமியோவின் முதுகு அதை மறைக்கும். முதலில் பத்து முறை மெதுவாக.

இரவில் ஜூலியட்டின் அப்பா கேபுலெட், அவளைக் கேட்டு வந்த பாரிஸ் என்பவனுக்கு வாக்குக் கொடுக்கிறார். புதன் ரொம்பச் சீக்கிரம், வியாழன் வைத்துக்கொள்வோம். டிபால்ட் செத்த துக்க வீடு, ஆறு நண்பர்கள் போதும் என்கிறார். இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதம்தான் முக்கியம் என்று சொன்னவரும் இவரே.

ஜூலை 16, செவ்வாய்

பழிக்கு டிபால்ட்டைக் கொன்று நாடுகடத்தப்பட்ட ரோமியோ, விடியலில் ஜூலியட்டின் அறையிலிருந்து நூலேணியில் இறங்குவான். அடிமுனை தொங்கினால் ஏணி காலோடு உள்ளே மடங்கி, ஆள் மல்லாக்கச் சாய்வார். கீழே கொக்கி போட்டுக் கட்டுங்கள்.

மீதி நேரம் முழுக்க மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சிக்கே. எல்லாரும் கேபுலெட்டை வாயில் நுழையும்போதே கத்த வைக்கிறார்கள். அவர் வருவது செல்லமாக. மகளின் கண்ணீரைக் கடல், காற்று, படகு என்று உவமை சொல்லித் தேற்றுகிறார். மறுப்பைக் கேட்டதும் முதலில் நம்பாமல் கேள்வி மேல் கேள்வி, அப்புறம் ஏளனம், அப்புறம்தான் வசை. இரவு பகலாக இவளுக்கு வரன் தேடினேனே என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உடைய வேண்டும், ஏனென்றால் அது பொய்யல்ல. பிச்சையெடு, பட்டினி கிட, தெருவில் செத்துப்போ என்பது அந்த அன்பின் வாயிலிருந்தே வருகிறது. விரல் அரிக்கிறது என்கிறார். கை ஓங்கி நிற்கட்டும், அடி விழக் கூடாது. விழுந்துவிட்டால் அச்சம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு வார்த்தை கேளுங்கள் அப்பா என்று மண்டியிட்ட ஜூலியட்டுக்கு, அவர் வெளியேறும்வரை வசனமே இல்லை. எழுந்திருக்கக் கூடாது. அதன்பின் அம்மா கைவிடுகிறாள். கடைசியில் செவிலித்தாய், பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். அதை அவள் மெல்ல, தலையைக் கோதியபடி சொல்லட்டும். பால் கொடுத்தவளின் கை அது. ஜூலியட் அந்தக் கையை விலக்கும் நொடியில் குழந்தைப் பருவம் முடிகிறது.

ஜூலை 17, புதன்

செவ்வாய் மாலையே ஜூலியட் மன்னிப்புக் கேட்டுப் பணிந்ததாக நடிக்க, அப்பா பூரித்துப்போய்க் கல்யாணத்தைப் புதனுக்கு இழுக்கிறார். இருபது கைதேர்ந்த சமையல்காரர்களைக் கூப்பிடச் சொல்கிறார். செத்ததுபோல் தூங்கவைக்கும் மருந்து கொடுத்து ஜூலியட்டைத் தப்பவைக்கும் துறவி லாரன்ஸின் திட்டத்தில் ஒரு நாள் போச்சு. கல்யாண நாள் மாறும் வரி சலசலப்பில் அமுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து குடித்த ஜூலியட் கட்டில் திரைக்குப் பின்னால் கிடக்க, திரைக்கு முன்னால் பேரீச்சம்பழம், சீமைமாதுளை என்று அடுக்களை ஆரவாரம். கட்டிலை மேடையைவிட்டு எடுக்காதீர்கள். படுத்திருப்பவர் நெஞ்சால் மூச்சு விட்டால் முன்வரிசைக்குத் தெரியும். வயிற்றால் மூச்சு, வயிற்றுக்கு மேல் தளர்ந்த துணி.

மருந்துக் கணக்கு 42 மணி நேரம். செவ்வாய் இரவிலிருந்து கூட்டினால் வியாழன் மாலை வரும். நாடகமோ விடியலில் முடிகிறது. திருத்தப் போகாதீர்கள், அரங்கில் யாரும் மணி எண்ணுவதில்லை.

ஜூலை 18, வியாழன்

கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் வீட்டுக்குள் பூட்டப்பட்டதால் துறவி ஜானால், திட்டத்தைச் சொல்லும் லாரன்ஸின் கடிதத்தை ரோமியோவிடம் சேர்க்க முடியவில்லை. முப்பது வரி தேறும் இந்தக் காட்சியைத்தான் நேரமில்லை என்று முதலில் வெட்டுவார்கள். வெட்டினால் முடிவுக்குக் காரணமே இருக்காது.

கல்லறையில் தவறுவது பெரும்பாலும் கத்திதான். உறை ரோமியோவின் முதுகுப்பக்கம் இருப்பதாக மூலத்திலேயே இருக்கிறது. மல்லாக்க விழுந்தால் ஜூலியட் அவனைப் புரட்டித் தேட வேண்டிவரும். ஒருக்களித்து, அவள் பக்கம் முகம் வைத்து, உறை பின்னால் தெரிய விழ வேண்டும். விஷக் கிண்ணத்தை விரல்கள் மூடியிருக்கட்டும், இறுக்க வேண்டாம். அவள் அதைப் பிரித்து, கவிழ்த்து, ஒரு சொட்டும் இல்லையென்று பார்த்த பிறகே கை முதுகுக்குப் போகும்.