மாத்திரை ஒன்றும் செய்யாத மூன்று வாரங்கள்

மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் மாத்திரை 25 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 50. சீட்டில் அவ்வளவுதான். ஆறு வாரத்தில் வரச் சொன்ன மருத்துவர், இடையில் பதற்றம் கூடினாலோ சாகும் எண்ணம் எழுந்தாலோ அன்றே வந்துவிட வேண்டும் என்றார்.

முதல் நான்கு நாளும் குமட்டல். மனதுக்கான மாத்திரை வயிற்றை ஏன் கலக்குகிறது என்று எரிச்சலாக வந்தது. இந்த மாத்திரை கைவைப்பது செரோட்டோனினில், அதாவது நரம்புசெல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருளில்; உடலில் அதன் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. குமட்டல் தணிந்தது, மனம் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு. பல் துலக்க எழுவதற்கே ஒரு மணி நேரம். இரண்டாம் வாரக் கடைசியில் மாத்திரை அட்டையைக் குப்பையில் போடக் கையில் எடுத்துவிட்டேன். அதற்கு முன் மருத்துவரிடம் ஒரு சண்டை போட்டுவிடலாம் என்று போனேன்.

அவர் ஒரு தாளில் மூளைத்தண்டை வரைந்தார். நடுமூளையிலிருந்து முகுளம் வரை, சரியாக நடுக்கோட்டில், மூளைக்குச் செரோட்டோனின் தரும் ராஃபே என்ற நரம்புசெல் கூட்டங்கள். கிரேக்க மொழியில் அதற்குத் தையல் என்று பொருளாம். மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் இவை சில லட்சம்தான். ஆனால் இவற்றின் கிளைகள் பெருமூளைப் புறணிக்கும் போகின்றன, தண்டுவடத்துக்கும் இறங்குகின்றன. தூக்கம், பசி, வலி, மனநிலை எல்லாவற்றிலும் இவற்றுக்குக் கை உண்டு.

வெளிவந்த செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதை மாத்திரை முதல் நாளே தடுக்கிறது. ஆனால் ராஃபே செல்களின் மீதே, தாம் வெளியிட்ட செரோட்டோனினை உணரும் தன்னேற்பிகள் இருக்கின்றன. சுற்றிலும் செரோட்டோனின் கூடியதும் அவை செல்லை அடக்கிவிடும். தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்து ஏற்றக்காரன் இறைப்பதை நிறுத்துவது போல. எலிகளில் இந்த அடக்கம் தளர இரண்டு மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு இது ஒரு காரணம், முழுக் காரணமல்ல என்றார். ‘செரோட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு’ என்ற கணக்கும் அத்தனை நேரானது இல்லை என்றார். அந்த நேர்மைக்காகவே அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

கேட்கப் பயந்த கேள்வி இன்னொன்று இருந்தது. அப்பாவுக்குப் பார்க்கின்சன். கை நடுங்கத் தொடங்குவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அவர் பேச்சைக் குறைத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அதை வயதின் கோபம் என்று நினைத்தோம். பலருக்கு அந்த நோயின் புரதப் படிவுகள் உடல் அசைவுக்குத் தேவையான, நடுமூளையின் டோபமின் செல்களை எட்டுவதற்கு முன்பே ராஃபேயைத் தொட்டுவிடுகின்றன. அந்த வரிசையை 2003இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் ஹெய்கோ பிராக்கின் குழுவினர் விவரித்தார்கள். அப்படியென்றால் எனக்கு?

மருத்துவர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்க வைத்தார். பார்க்கின்சனின் முன்னறிகுறிகளாக, வாசனை தெரியாமல் போகிறதா, மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கத்தி உதைக்கிறேனா என்று கேட்டார். எதுவும் இல்லை. மனச்சோர்வு வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதில்லை என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறைதான் என் காதில் ஏறியது.

ஐந்தாம் வாரம் ஒரு காலை, பல் துலக்கி முடித்து வாயைத் துடைத்தபோதுதான், படுக்கையில் தயங்கிக் கிடக்காமல் எழுந்து வந்திருக்கிறேன் என்பதே உறைத்தது.

இப்போது பதினோராவது மாதம். மருத்துவர் சொன்னபடி 25க்கு இறங்கியிருக்கிறேன். நடுவில் வெளியூர் போய் இரண்டு நாள் மாத்திரையை மறந்தபோது, கண்ணைத் திருப்பும் போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் சுண்டியது. அதிலிருந்து ஓர் அட்டை எப்போதும் பயணப் பையிலேயே கிடக்கிறது.