எந்த நைசே ஆறு?

புத்தகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் பள்ளிப் பாடநூல்கள், போட்டித் தேர்வுக் கையேடுகள். எப்போதாவது ஒரு நல்ல வரலாற்று நூலும் வரும். இந்திய எல்லை வருகிற படங்களில் எங்களுக்கு யோசனையே இல்லை. இந்திய நில அளவைத் துறை காட்டும் கோட்டை அப்படியே போட்டாக வேண்டும். வெளிநாட்டு எல்லைகள்தான் சிக்கல். எந்த ஆண்டின் எல்லை, யார் ஒப்புக்கொண்ட எல்லை என்று நாங்களே துருவிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படி என்னை அதிகம் உட்கார வைத்த நாடு போலந்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். பதிப்பகம் கொடுத்த படப் பட்டியலில் ‘யால்டாவில் முடிவான போலந்து எல்லை’ என்று ஒன்று இருந்தது. கையெழுத்துப் பிரதியைப் படித்ததும் எனக்குக் குழப்பம். அவருக்கே போன் செய்தேன்.

"சார், யால்டாவில் முடிவான மேற்கு எல்லை எது?"

சிரித்தார். "முடிவாகவே இல்லையேம்மா. நீ எப்படிப் போடப் போறே?"

1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை கிரிமியாவின் லிவாடியா அரண்மனையில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஸ்டாலினும் கூடிப் பேசினார்கள். அதன் அறிக்கை கிழக்கு எல்லையைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: கர்சன் கோடு, சில இடங்களில் போலந்துக்குச் சாதகமாக 5 முதல் 8 கிலோமீட்டர் வரை விலகல். இதை வைத்து ஒருவர் கோடு போட்டுவிடலாம். மேற்கைப் பற்றி இருப்பதோ, வடக்கிலும் மேற்கிலும் போலந்துக்குக் கணிசமான நிலம் கிடைக்க வேண்டும், இறுதி எல்லை சமாதான மாநாட்டில் முடிவாகும் என்பது மட்டும்தான். ‘கணிசமான’ நிலத்துக்கு எந்த மென்பொருளிலும் கருவி கிடையாது. அதனால் என் படத்தில் கிழக்கில் அழுத்தமான கோடு இருந்தது. மேற்கில் ஜெர்மனியை நோக்கி ஓர் அம்புக்குறி மட்டும்.

இந்தக் கர்சன், 1905இல் வங்கத்தைப் பிரித்த நம் வைஸ்ராய் கர்சனேதான். பின்னாளில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரானார். 1920இல் போலந்து–சோவியத் போரின்போது, இரு நாடுகளுக்கும் நடுவே ஒரு கோட்டைச் சொல்லி அவர் பெயரில் போன ஒரு குறிப்பால் அந்தக் கோட்டுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கால் நூற்றாண்டு கழித்து ஸ்டாலினுக்கு அது நன்றாக உதவியது. அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருந்த லுவோவ் நகரத்தையாவது போலந்துக்கு விட்டுக்கொடுக்கலாமே என்று ரூஸ்வெல்ட் யால்டாவில் கேட்டுப் பார்த்தார். கர்சனையும் முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்ஸோவையும் விட நாங்கள் ரஷ்யர்கள் என்பதில் குறைந்து போவதா என்று ஸ்டாலின் திருப்பிக் கேட்டார். பிரிட்டிஷ் பிரபுவின் பெயரைத் தாங்கிய கோட்டைப் பிரிட்டிஷ் பிரதமர் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்தான். அதோடு, 1943 இறுதியில் டெஹ்ரானிலேயே, மூன்று தீக்குச்சிகளை மேசையில் நகர்த்தி, போலந்தை மேற்கே தள்ளலாம் என்று காட்டியவரும் சர்ச்சில்தான்.

மேற்கு எல்லையில் தகராறு ஆறுகளைப் பற்றியது. ஓடர் நதி வரை என்பதில் பெரிய சண்டை இல்லை. அங்கிருந்து தெற்கே நைசே ஆற்றை ஒட்டிப் போக வேண்டும் என்றார்கள். சரி, எந்த நைசே? ஓடரில் கலக்கும் நைசேக்கள் இரண்டு. கிழக்கு நைசேக்கும் மேற்கு நைசேக்கும் நடுவில் கீழ் சைலீசியாவின் பெரும்பகுதி கிடக்கிறது. போருக்கு முன் லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் வாழ்ந்த மண். கிழக்கு நைசேயை எடுத்தால் பிரெஸ்லாவ் நகரின் மையப் பகுதி ஜெர்மனியில் தங்கும். மேற்கு நைசேயை எடுத்தால் முழு நகரமும் போலந்துக்கு. என் திரையில் இரண்டு ஆறுகளையும் தனித்தனி லேயரில் போட்டு, ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டிப் பார்த்தபோதுதான் அந்த வாக்குவாதத்தின் அளவு எனக்குப் புரிந்தது. போலந்து வாத்துக்கு ஜெர்மன் தீனியை அளவுக்கு மீறித் திணித்தால் அது அஜீரணத்தில் செத்துப்போகும் என்று சர்ச்சில் சொன்னது இதைத்தான்.

ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை பாட்ஸ்டமில் மறுபடி கூடினார்கள். ரூஸ்வெல்ட் இறந்துவிட்டதால் ட்ரூமன் வந்திருந்தார். பாதி மாநாட்டில் தேர்தலில் தோற்ற சர்ச்சில் போய் அட்லி வந்தார். ஸ்டாலின் மட்டும் அதே ஸ்டாலின். மேற்கு நைசே வரையிலான நிலத்தை அதற்குள் சோவியத் படை போலந்து அதிகாரிகளிடம் ஒப்படைத்திருந்தது. மாநாடு அதற்கு ஒரு வாசகம் எழுதியது: இறுதித் தீர்வு வரும்வரை போலந்தின் நிர்வாகத்தில். எங்கள் தொழிலில் இது முழுக்கோடு அல்ல, புள்ளிக்கோடு.

அந்த வாசகத்தை வைத்து அட்சரம் பிசகாமல் வரைந்தால் வேறொரு வேடிக்கை. பால்டிக் கடலோர ஸ்வினெமுண்டேக்குச் சற்று மேற்கே தொடங்கி ஓடர் வழியாக என்றிருக்கிறது. ஷ்டெட்டின் நகரின் பெரும்பகுதி ஓடருக்கு மேற்குக் கரையில். அதாவது வாசகப்படி அது ஜெர்மனிக்கு. நடந்தபடி அது போலந்துக்கு. நான் நடந்ததை வரைந்து, வாசகத்தை அடிக்குறிப்பில் போட்டேன்.

மொத்தத்தில் போலந்து கிழக்கில் ஏறத்தாழ 1,80,000 சதுர கிலோமீட்டர் இழந்து, மேற்கிலும் வடக்கிலும் ஏறத்தாழ 1,00,000 பெற்றது. போரை வென்ற பக்கத்தில் நின்ற நாடு போருக்கு முன்பிருந்ததைவிடச் சிறியதாகிவிட்டது.

எல்லைகளையாவது எப்படியோ வரைந்துவிடலாம், அரசாங்கங்களை எப்படி வரைவது? 1944 அக்டோபரில் மாஸ்கோவில் சர்ச்சில் ஒரு துண்டுத் தாளில் எழுதிய சதவீதங்களைப் படமாகப் போடலாமா என்று பேராசிரியர் கேட்டார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90, கிரேக்கத்தில் பிரிட்டனுக்கு 90, பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75, ஹங்கேரியும் யூகோஸ்லாவியாவும் பாதிப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு குறி போட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு வண்ணங்களில் நிழலிட்டுப் பார்த்தேன். தேர்தல் முடிவுப் படம் மாதிரி இருந்தது, ஓட்டே போடாத தேர்தல். ஹங்கேரியில் பாதி செல்வாக்கு என்றால் நடைமுறையில் என்ன? எனக்குத் தெரிந்து யாரும் அதை விளக்கியதில்லை. கடைசியில் அட்டவணையாகவே விட்டோம். அந்தத் தாளில் போலந்து இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

போலந்துக்கு லண்டனில் நாடுகடந்த ஓர் அரசு, சோவியத் ஆதரவில் லூப்லினில் இன்னோர் அரசு. லூப்லின் அரசையே விரிவாக்கி, கூடிய விரைவில் சுதந்திரமான தேர்தல் நடத்துவது என்று யால்டாவில் எழுதினார்கள். யால்டாவிலிருந்து வாஷிங்டன் வரை ரஷ்யர்கள் இழுத்தாலும் அறுபடாத ரப்பர் வாசகம் இது என்று ரூஸ்வெல்ட்டின் ராணுவ ஆலோசகர் அட்மிரல் லேஹி அவரிடம் சொன்னார். இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்பது ரூஸ்வெல்ட்டின் பதில். தேர்தல் 1947 ஜனவரியில்தான் நடந்தது, முறைகேடுகளோடு. லண்டன் அரசின் முன்னாள் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவருமான மிகோவாய்ச்சிக் அந்த அக்டோபரில் நாட்டைவிட்டுத் தப்பினார்.

ரூஸ்வெல்ட் போலந்தை விற்றுவிட்டார் என்பது பேராசிரியரின் கட்சி. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். யால்டா நாட்களின் போர்முனையை எல்லைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்: செஞ்சேனை ஓடரில், பெர்லினுக்குச் சுமார் 70 கிலோமீட்டரில், அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் ரைனையே இன்னும் கடக்கவில்லை. விற்க அவர் கையில் சரக்கு இல்லை. ஆனால் தேர்தல் பற்றிய அந்த வாசகத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம். கர்சன் கோடு கொடுமையானதாக இருக்கலாம், போலந்துக்காரர் எவரும் அதைப் பார்த்து ஏமாறவில்லை. தேர்தல் வாக்குறுதியை நம்பித்தான் மிகோவாய்ச்சிக் லண்டனிலிருந்து ஊர் திரும்பினார்.

பதிப்பாசிரியருக்குப் புள்ளிக்கோடு பிடிக்கவில்லை. தேர்வு எழுதும் பிள்ளைகள் குழம்புவார்கள், முழுக்கோடாகப் போடுங்கள் என்றார். யால்டா காத்திருந்த அந்தச் சமாதான மாநாடு நடக்கவேயில்லை. கிழக்கு ஜெர்மனி 1950இலும் மேற்கு ஜெர்மனி 1970இலும் தனித்தனியாக எல்லையை ஏற்றன. ஒன்றுபட்ட ஜெர்மனி கையெழுத்திட்டது 1990 நவம்பர் 14 அன்றுதான் என்று பேராசிரியர் விளக்க, அப்புறம் ஒரு பக்கம் கூடுதலாகக் கிடைத்தது. 1945 படத்தில் புள்ளிக்கோடு, 1990 படத்தில் முழுக்கோடு. கையேட்டுப் பதிப்பு வந்தபோது முதல் படத்தை எடுத்துவிட்டார்கள்.