நிலத்து உக்க பால்

மதுரையில் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சங்கப் பாடலைக் கொடுத்து, படித்துப் புரிந்ததை நாலு பக்கம் எழுதி வரச் சொல்வது வழக்கம். வருகிற கட்டுரைகளில் பாதி, ‘எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று குறுந்தொகை’ என்று தொடங்கி, ‘உவமை நயம் சிறந்து விளங்குகிறது’ என்று முடியும். நடுவில் பாடலே இருக்காது.

ஒருமுறை குறுந்தொகை 27-ஆம் பாடலைக் கொடுத்தேன். வெள்ளிவீதியார் பாடியது, ஐந்தே அடி. ‘கன்றும் உண்ணாது கலத்தினும் படாது நல்லான் தீம்பால் நிலத்து உக்காஅங்கு’ என்று தொடங்கும். பிரிவில் வாடும் தலைவி சொல்கிறாள்: கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல் தரையில் சிந்திய நல்ல பசுவின் பால் மாதிரி என் அழகு எனக்கும் ஆகவில்லை, என்னவனுக்கும் உதவவில்லை, பிரிவுத் துயரில் மேனியில் படரும் வெளிறிய நிறமான பசலைதான் அதை உண்ண விரும்புகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு மாணவியும் அதே நோட்ஸ் வாசகங்களைத்தான் எழுதியிருந்தாள். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளை. கூப்பிட்டு, “சரி, இந்தப் பால் எப்படித் தரைக்குப் போச்சு?” என்று கேட்டேன். செம்பு கவிழ்ந்திருக்கும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

“கொட்டலைம்மா. பாத்திரத்துக்கே வரலைன்னுதானே சொல்றாங்க. கன்னையும் அவுத்து விடாம, கறக்கவும் ஆள் வரலைன்னா, மடி கனத்துக் காம்புல தானாச் சொட்டும். மாட்டுக்கு வலிக்கும்மா.”

இத்தனை வருடம் நடத்தியும் அந்த வலி எனக்குத் தெரியவில்லை. அப்புறம் இருவருமாகச் சொல்லைப் பார்த்தோம். ‘உகுத்த’ என்றிருந்தால் யாரோ சிந்தியது. பாட்டின் ‘உக்காஅங்கு’ என்பதில் இருப்பது ‘உக்க’. தன்வினை, தானாகச் சிந்தியது. அவள் தொழுவத்தில் கண்டதற்கு இலக்கணமும் சாட்சி சொன்னது.

“இதையே எழுது” என்றேன். அடுத்த முறை கொஞ்சம் தாண்டிப் போய்விட்டாள். கன்றைக் கட்டி வைத்தது தலைவியின் தாய் என்று ஒரு பத்தி. ஓரத்தில் ‘பாட்டில் எங்கே இருக்கிறது?’ என்று எழுதிக் கொடுத்தேன். அனுபவம் கதவைத் திறக்கலாம், ஆனால் நிற்பதற்கு ஒரு சொல்லாவது வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, முதல் அடியின் ‘உண்ணாது’, நான்காம் அடியின் ‘உணீஇயர்’ (உண்ண) இரண்டையும் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்தாள். உண்ண வேண்டிய கன்று உண்ணவில்லை, உண்ணக் கூடாத பசலை உண்ண வருகிறது. அதற்குக் கீழே, ‘இந்தப் பாட்டில் வேண்டும் என்ற சொல் பசலைக்கு மட்டும்தான் வருகிறது’ என்று எழுதியிருந்தாள். அடுத்த வகுப்பில் அந்தக் கட்டுரையை அவளையே வாசிக்கச் சொன்னேன்.