அக்காட பிள்ளையளின்ட கன்ரீன் மெனுவும் என்ட பிரெஞ்சும்

பிரெஞ்ச் படிக்கிறன் எண்டு சொன்னா வெள்ளவத்தையில எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "அப்ப பிரான்ஸுக்குப் போகப்போறீரோ?" எண்டுதான். இல்ல, எனக்கு ஒரு இடமும் போற எண்ணமில்ல. அக்காட பிள்ளையளோட கதைக்கிறதுக்குப் படிக்கிறன். ரெண்டும் பரிஸ்ல பிறந்ததுகள், தமிழ் நல்லா விளங்கும், ஆனா வாட்ஸ்அப் கோல் எடுத்தா "சித்தி எப்பிடி இருக்கிறீங்கள்" எண்டு பாடமாக்கின மாதிரி ஒரு வசனம் சொல்லிட்டு தங்களுக்குள்ள பிரெஞ்ச்ல சண்டை பிடிச்சுக்கொண்டு ஓடிருங்கள், நான் இஞ்ச போனைப் பிடிச்சுக்கொண்டு சோபாவைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதுக்காகத்தான் பான்ஸ் பிளேஸ்ல இருக்கிற, பிரெஞ்ச் படிப்பிக்கிற அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் போய்ச் சேந்தது.

வகுப்புல மற்ற ஆக்களுக்கு வேற வேற அவசரம். பிரான்ஸ்ல சட்டம் இறுகிட்டுதே, 2026 ஜனவரி 1 தொடக்கம் பல வருஷத்துக்கான வதிவிடக் காட் எடுக்க பிரெஞ்ச்ல ஏ2 மட்டம், பத்து வருஷக் காட்டுக்கு அதுக்கு மேல பி1, நாஷனாலிட்டிக்கு இன்னும் மேல பி2 எண்டு, அதால கலியாணம் கட்டிப் போகப்போற பிள்ளையள் இப்பவே படிக்கத் தொடங்கிட்டுதுகள். எனக்கு அந்தப் பயம் இல்ல, என்ட பரீட்சகர் ஏழு வயசு.

குடும்பத்தைப் பற்றின பாடம் வந்துது. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஒரே 'ஒன்க்ள்', அதைப்பற்றி எழுதாத தமிழர் இல்ல, விடுவம். அதுக்குப் பிறகு வந்த சாப்பாட்டுப் பாடம்தான் விஷயம். ஆனா புத்தகத்தில இருந்த சாப்பாடு ரெஸ்டோரண்ட் சாப்பாடு. வெயிட்டரைக் கூப்பிடுறது, பில் கேக்கிறது, வைன் தெரிவு செய்யிறது. ஏழு வயசுப் பிள்ளையோட வைனைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது?

அக்காட்ட இதைச் சொல்லிக் கவலைப்பட்டன், அவா ஒண்டும் சொல்லாம பள்ளிக்கூடக் கன்ரீன் மெனுவை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பிவிட்டா. அங்க இதெல்லாம் முன்கூட்டியே போட்டுருவினம், பரிஸ்ல ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'கேஸ் தேஸ் எக்கோல்' எண்டு ஒரு அமைப்பு இருக்கு, அதுதான் பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பாக்கிறது. மெனுவைப் பாத்து நான் அப்பிடியே இருந்திட்டன். முதல்ல ஒரு ஒந்த்ரே எண்டு தொடக்கச் சாப்பாடு, பிறகு பிளா எண்டு முக்கியச் சாப்பாடு, பிறகு சீஸோ யோகட்டோ, கடைசியா தெஸேர் எண்டு ஒரு இனிப்பு. சின்னப் பிள்ளையளுக்கு! எங்கட பள்ளிக்கூட நாட்கள்ல டிபன் பெட்டிக்குள்ள பாணும் சம்பலும், சம்பல்ட எண்ணெய் கொப்பியில ஊறினதுதான் ஞாபகம்.

அண்டையில இருந்து அந்த மெனுதான் என்ட பாடப்புத்தகம். கறோத் ராப்பே எண்டா துருவின பச்சைக் கரட்டுக்கு எண்ணெய், எலுமிச்சம்புளி விட்டது. லோந்தீ எண்டா மைசூர்ப் பருப்புக் குடும்பம்தான், ஆனா அவையள் பெரும்பாலும் பச்சை நிறப் பருப்பை முழுசா வேகவைப்பினம், கரைய விடமாட்டினம், தேங்காய்ப்பாலும் இல்ல. கொம்போத் எண்டா அப்பிளை அவிச்சு மசிச்சது, நாங்கள் குழந்தைக்கும் நோயாளிக்கும் குடுக்கிற பதத்தில அவையள் பள்ளிக்கூடம் முழுக்கக் குடுக்கினம்.

எனக்கு நல்லாப் பிடிச்சது 'அஷி பார்மோந்தியே'. கீழ கொத்தின இறைச்சி, மேல மசிச்ச உருளைக்கிழங்கு, ஓவன்ல வைச்சு மேற்பக்கம் பொன்னிறமா எடுக்கிறது. பார்மோந்தியே ஒரு ஆள்ட பேர். 18ஆம் நூற்றாண்டில ராணுவத்தில மருந்தாளரா இருந்தவர், போர்ல பிரஷ்யாக்காரரிட்ட பிடிபட்டு, சிறையில கிழங்கைத் திண்டே உயிரோட திரும்பி வந்தவர். அந்த நேரம் பிரான்ஸ்ல கிழங்கு எண்டா பண்டிச் சாப்பாடு, தொழுநோய் வரும் எண்டு பயம் வேற. 1772ல பரிஸ் மருத்துவ பீடம் சாப்பிடலாம் எண்டு சொன்ன பிறகும் சனம் தொடேல்ல. அப்ப மனுசன் தோட்டம் போட்டு, பகல்ல ராணுவக் காவல் போட்டு, இரவில காவலை எடுத்துவிட்டாராம். காவல் போட்டா பெறுமதியான சாமான்தானே எண்டு சனம் களவெடுத்துக்கொண்டு போய் நட்டுதாம். கதை எவ்வளவு உண்மையோ, எங்கட ஊரிலயும் கட்டாயம் வேலை செய்யும். பரிஸ் மெத்ரோ 3ஆம் லைன்ல அவர்ட பேர்ல ஸ்டேஷனே இருக்கு.

இன்னொண்டு, 2018ல வந்த ஒரு சட்டத்தால 2019 நவம்பர்ல இருந்து பள்ளிக்கூடக் கன்ரீன்ல கிழமைக்கு ஒருக்காவாவது மரக்கறிச் சாப்பாடு குடுக்கவேணும். அக்காக்குச் சந்தோஷம், ஆனா அது அனேகமா வெள்ளியில வராது. வெள்ளிக்கிழமை எண்டா கத்தோலிக்கப் பழக்கத்தால மீன். எங்கட வீட்டில வெள்ளிக்குச் சட்டியே வேற, அங்க வெள்ளிக்கு மீன். கத்தோலிக்கர் இருக்கிற கொச்சிக்கடைப் பக்கம் வளந்த ஆக்களுக்கு இது புதுசில்ல. எங்கட அம்மாக்குத்தான் இன்னும் சொல்லேல்ல.

சரி, இதெல்லாம் கதைக்க உதவிச்சுதோ? முதல் "கன்ரீன்ல என்ன சாப்பிட்டனி?" எண்டு பிரெஞ்ச்ல கேட்டா வாற பதில் "ஷே பா", தெரியாது எண்டு. புத்தகத்தில 'ஜ ன ஸே பா' எண்டு நீட்டி முழக்கிப் படிப்பிக்கிறதை பிள்ளையள் இப்பிடி நறுக்கித்தான் சொல்லுதுகள். இப்ப நான் மெனுவை வைச்சுக்கொண்டு "இண்டைக்கு லோந்தீ தானே? கறோத்தை வைச்சிட்டு வந்திட்டாய் போல?" எண்டு கேக்கிறன். சின்னவள் ஸ்கிரீனுக்குக் கிட்ட வந்து "சித்தி, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு தமிழ்ல கேக்கிறாள், பிறகு தன்னை மறந்து பிரெஞ்ச்ல பொழியிறாள், தன்ட கொம்போத்தை யாரோ மாத்தி எடுத்தது, பக்கத்தில இருந்தவன் தண்ணியை ஊத்தினது எல்லாம். பாதி விளங்காது, ஆனா பாதி விளங்குது!

சாப்பாட்டு நேரங்களின்ட பேருகள்தான் தலையிடி. பிரான்ஸ்ல காலமை 'ப்தி தெஜூனே', மத்தியானம் 'தெஜூனே', இரவு 'தினே', பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்குப் பிள்ளையளுக்கு 'கூத்தே' எண்டு சிற்றுண்டி. இதைப் பாடமாக்கி முடிச்சா சுவிஸ்ல லொசான்ல இருக்கிற பெரியம்மாட மகன் சொல்றான் தங்களுக்குத் 'தெஜூனே' காலமையாம், 'தினே' மத்தியானமாம், இரவு 'சூப்பே'யாம். மொன்ரியால் மாமாவும் அதே கட்சி. குடும்பக் குறூப்ல ஒரு நாள் முழுக்க இதே சண்டை, கடைசில மாமா "நாங்கள் சோறு திண்டனாங்கள், நேரம் என்னத்துக்கு" எண்டு முடிச்சார்.

மேசைப் பழக்கம் கொஞ்சம் பொறாமையா இருக்கு. பிரான்ஸ்ல எல்லாரும் ஒண்டா இருந்து தொடங்கவேணும், பிள்ளை எழும்பிறதெண்டா கேட்டிட்டுத்தான் எழும்பவேணும். எங்கட வீட்டில எல்லாருக்கும் போட்டு முடிச்சு கடைசியா அம்மா குசினியில நிண்டுகொண்டே சாப்பிடுவா, அதைப் பாசம் எண்டு சொல்லி நாங்களும் விட்டிட்டம். அக்கா அங்க போன பிறகு மாத்திட்டா, சமையல் பரிஸ்ல தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல் சாமான்தான், ஆனா அவா இருந்தாத்தான் அத்தான் கை வைப்பார்.

அடுத்த கிழமை மெனு வந்திட்டு. திங்கள் செலெரி ரெமுலாத், செலெரிக் கிழங்கைப் பச்சையாத் துருவிக் கடுகு மயோனேஸ்ல பிரட்டினது. சின்னவளுக்கு அது கண்ணில காட்டக்கூடாது எண்டு அக்கா சொல்றா. திங்கள் இரவு கோல் எடுக்கிறன்.