வீவக வீட்டுக்கு நீட்டி மடக்கும் ஏணி: அளவெடுப்பதிலிருந்து முதல் ஏற்றம் வரை

வீடு வீடாகப் போய் விசிறி மாட்டுகிறவர்கள், ஏர்கான் கழுவுகிறவர்கள், விளக்கு மாற்றுகிறவர்கள் எல்லோர் கையிலும் இன்று நீட்டி மடக்கும் அலுமினிய ஏணி இருக்கிறது. மடக்கினால் ஒரு மீட்டருக்கும் குறைவு. மின்தூக்கியில் நிமிர்த்தி நிறுத்தலாம், காரின் பின்பக்கத்தில் படுக்க வைக்கலாம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போனால், முதல் கேள்வியாக "எத்தனை மீட்டர்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் ஏணி எதன்மேல் சாயப் போகிறது என்று யோசிக்க வேண்டும். சிங்கப்பூரின் பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அது எதன்மேலும் சாயாது. தேர்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீவக அடுக்குமாடி வீட்டில் தரையிலிருந்து கூரைக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் இன்னும் குறையும். விசிறியும் விளக்கும் அறையின் நடுவில் தொங்குகின்றன. அங்கே ஏணியைச் சாய்க்கச் சுவர் கிடையாது. ஏர்கானின் உள்பெட்டி சுவரில்தான் இருக்கிறது, ஆனால் ஏணி அதன் பிளாஸ்டிக் மூடிமேல் சாய்ந்தால் மூடி உடையும், ஏணியும் நழுவும். ஆகவே சாய்த்து வைக்கும் ஒற்றை ஏணி இந்த வீடுகளில் பெரும்பாலும் பயன்படாத பொருள். வேண்டியது இருபுறமும் விரிந்து தானாக நிற்கும் ஏ வடிவ ஏணி.

இன்னொரு கணக்கும் உண்டு. 3.2 மீட்டர் ஒற்றை ஏணியைச் சரியான 75 பாகைச் சாய்வில் வைத்தால் அதன் உச்சி சுமார் 3.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். 2.6 மீட்டர் அறைக்குள் அது நிற்காது. முழுதாக நீட்டிவிட்டுக் கூரையில் இடிக்கிறதே என்று அடியை இழுத்து இழுத்து வைப்பார்கள். சாய்வு 55 பாகைக்கும் கீழே போய்விடும், அடி சுவரிலிருந்து கிட்டத்தட்ட 1.9 மீட்டர் தள்ளி நிற்கும். பளபளக்கும் டைல் தரையில் அந்த ஏணி வழுக்கியே தீரும். சாய்வு ஏணிக்கு உரிய அளவு, நாலுக்கு ஒன்று. உச்சி தொடும் இடம் 4 மீட்டர் உயரமென்றால் அடி 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காத அறைக்கு நீளம் அதிகமான ஏணி வாங்குவதில் பயனில்லை.

சரி, ஏ வடிவத்தில் எவ்வளவு உயரம்? நடுத்தர உயரமுள்ள ஒருவர், சுமார் 1.65 மீட்டர், தோள்பட்டை வலிக்காமல் இரு கையாலும் வேலை செய்யக்கூடிய உயரம் 1.8 மீட்டர் அளவு. கூரையை ஒட்டிய வேலைக்கு அவர் 75 அல்லது 80 சென்டிமீட்டர் மேலே நின்றால் போதும். படிக்குப் படி 29, 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது மூன்றாவது படி. உச்சியே ஒரு படியாக முடியும் இருபக்க ஏணியில் மேல் மூன்று படிகளில் நிற்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு வழிகாட்டுதல். கால் மூன்றாவது படியில், மேலே மூன்று படி காலியாக: ஆகப் பக்கத்துக்கு ஆறு படி. அந்தக் காலி படிகள் வீண் அல்ல. முழங்காலும் தொடையும் அவற்றில் ஒட்டி நிற்பதால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கின்றன. ஆறு படி ஏணியின் உச்சி சுமார் 1.8 மீட்டர்; தொங்கும் விசிறியின் இறக்கைக்குக் கீழேயே அடங்கிவிடும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணில் பலர் ஏமாறுவது இங்கேதான். "3.8 மீட்டர்" என்று போட்டிருக்கும் இருபக்க ஏணி, நேராக நிமிர்த்தினால்தான் 3.8. ஏ வடிவில் பக்கத்துக்கு 1.9 மீட்டர்தான். "3.2" என்றால் 1.6. கடைக்காரரிடம் ஏ வடிவில் நிறுத்தச் சொல்லி, படியை எண்ணி வாங்குங்கள். எடையையும் அங்கேயே தூக்கிப் பாருங்கள். ஒற்றை ஏணி 3.2 மீட்டருக்கு 10, 11 கிலோ இருக்கும். இருபக்க ஏணி அதைவிடக் கனம், 15 கிலோ வரை போகும். அம்மாவோ அப்பாவோ தனியாக எடுத்து வைக்க வேண்டிய வீடென்றால் அவர்களையும் கடைக்கு அழைத்துப் போவது நல்லது.

தரை வீட்டுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. கார் நிறுத்துமிடக் கூரை, வெளிச்சுவர் விளக்கு, மேல்மாடித் தண்ணீர்த்தொட்டி என்று சாய்க்க இடமிருக்கிறது, அங்கே 3.8 மீட்டர் ஒற்றை ஏணி பயன்படும். மழைநீர்க் குழாய் வாய்க்காலில் மட்டும் சாய்க்காதீர்கள். ஏணியிலிருந்து கூரைக்கு இறங்குவதாக இருந்தால் இறங்கும் இடத்துக்கு மேல் குறைந்தது மூன்று படி, ஏறத்தாழ 1 மீட்டர், ஏணி நீண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள வேறெதுவும் அங்கே இருக்காது.

அடுத்தது தரச்சான்று. ஏணியின் பக்கக் குழாயில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நீட்டி மடக்கும் ஏணிகளுக்கென்றே ஐரோப்பியத் தரத்தில் தனிப் பகுதி உண்டு: ஈஎன் 131-6. வெறும் "ஈஎன் 131" என்று மட்டும் போட்டு, தயாரிப்பாளர் பெயரோ ஆண்டோ இல்லாத தாளை நாங்கள் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தரத்தில் இரண்டு வகுப்பு: தொழில்முறை, வீட்டுப் பயன்பாடு. இரண்டுக்கும் தாங்கும் எடை 150 கிலோதான், வித்தியாசம் உழைப்பில். திரும்பத் திரும்பச் சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை தொழில்முறை ஏணிக்கு 50,000 முறை, வீட்டு ஏணிக்கு 10,000 முறை. ஆண்டுக்கு நாலு தடவை ஏறுகிறவருக்கு வீட்டு வகுப்பே தாராளம். நாள்தோறும் வேனில் ஏற்றி இறக்குகிறவர் அதை வாங்கினால் பூட்டுகள் சீக்கிரம் தளரும். அமெரிக்கத் தர ஏணியும் இங்கே விற்கிறது. அதில் டைப் 1 என்றால் 250 பவுண்டு, டைப் 1ஏ என்றால் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ. எடை என்பது உடம்பு மட்டுமல்ல. டிரில், கருவிப் பை, கையில் பிடித்திருக்கும் விசிறி எல்லாம் சேர்ந்ததுதான். ஒரே நேரத்தில் இருவர் ஏறும் கணக்கு அதில் எங்குமே இல்லை.

3 மீட்டருக்கு மேல் நீளும் சாய்வு ஏணிக்கு அடியில் அகலமான தாங்கு கட்டை இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தரத்தின் விதி. பெட்டிக்குள் அது தனியாக, திருகாணிகளோடு வரும். எத்தனையோ வீடுகளில் அந்தக் கட்டை பெட்டியிலேயே கிடக்கிறது, ஏணி மட்டும் உழைக்கிறது. மாட்டாத ஏணி பக்கவாட்டில் புரளும். வாங்கிய அன்றே மாட்டுங்கள். சில நாள் பயன்படுத்தியபின் திருகாணிகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.

ஏணியின் உயிர் பூட்டில் இருக்கிறது. குடைக்கம்பிபோல ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள். ஒவ்வொரு படியின் இரு முனையிலும் பிளாஸ்டிக் கழுத்து, அதற்குள் ஸ்பிரிங் தள்ளும் ஒரு பின். குழாயின் துளையில் பின் முழுதாக நுழைந்தால்தான் அந்தப் படி பூட்டியதாக அர்த்தம். படிக்கு இரண்டு பின், இரண்டு "டக்" சத்தம். ஒன்றுதான் கேட்டதென்றால் ஏற வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய படி வெறும் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். சுமை ஏறியதும் மற்றப் பக்கம் குழாய்க்குள் சரியும், மேலே இருக்கும் படிகளும் கூடவே இறங்கும். பூட்டியதைப் பச்சை, சிவப்பு நிறத்தில் காட்டும் மாதிரிகள் உண்டு, கூடுதல் காசு கொடுக்கத் தகும். நிறம் பார்த்த பிறகும் ஒவ்வொரு படியையும் கையால் கீழே அழுத்திப் பார்க்கிறோம்.

கடையில் பெட்டியோடு வாங்கி வராதீர்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் வெளியே எடுத்துக் காட்டுவார்கள். முதல் படியை மிதித்துக்கொண்டு உச்சிப் படியை நேராக மேலே இழுங்கள், இரண்டு சத்தம், அடுத்த படி, இப்படிக் கடைசிவரை. கோணலாக இழுத்தால் குழாய் சிக்கும். முழுதும் நீட்டியபின் இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நடுவில் கொஞ்சம் வளைவது இந்த வகை ஏணியின் இயல்பு, மேலே போகப் போகக் குழாய் மெலிகிறதல்லவா. ஆனால் கழுத்துகளில் லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். ஏ வடிவ ஏணியில் நடுக்கீல் இரண்டும் பூட்டுகின்றனவா, இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் படிதான் நீண்டிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை.

பாதி மட்டும் நீட்டுவதில் ஒரு குழப்பம் உண்டு. மூடிய படிகள் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பது மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. பக்கக் குழாயில் ஒட்டிய படம் சொல்வதுதான் அந்த ஏணிக்கு விதி.

மடக்கும்போதுதான் விரல் நசுங்குகிறது. அடிப்படியின் இரு பொத்தானை அழுத்தினால் மற்றவை தானாக வரிசையாக இறங்கும் மாதிரியில், படிகள் வேகமாக ஒன்றின்மேல் ஒன்று விழும். காற்றை மெல்ல வெளியேற்றி வேகத்தைக் குறைக்கும் மெதுமூடல் வகை இதற்காகவே வந்தது. எந்த வகையானாலும் மடக்கிய நிலையில் படிகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தும்போது மற்ற விரல்கள் படியைச் சுற்றிப் பிடிக்காமல் விலகி இருக்கட்டும். மடக்கிய உடனே பட்டையைக் கட்டுங்கள். கட்டாமல் தூக்கினால் படிகள் சரிந்து காலில் விழும்.

மின்வேலைக்கு இந்த ஏணி வேண்டவே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறோம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், இங்கே வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். பல்பு மாற்றுவதற்கும் சுவிட்சை மட்டும் அணைக்காமல் டிபி பெட்டியில் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) அந்த இணைப்பை இறக்கிவிட்டே ஏறுங்கள். விசிறிக்கு வயர் இழுப்பது உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை. அவருக்கு ஃபைபர்கிளாஸ் ஏணி.

வீட்டுக்கு வெளியே இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு மாடியின் பொது நடைபாதையில் சரவிளக்கு கட்டும்போது, கைப்பிடிச்சுவரை ஒட்டி ஏணி போடுகிறார்கள். சுவர் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். மூன்றாவது படியில் நிற்பவருக்கு அது பாதத்திலிருந்து 20 சென்டிமீட்டர்கூட இல்லை, முழங்காலுக்கும் கீழே. தடுமாறினால் தடுக்க ஒன்றுமில்லை. தோரணமும் விளக்கும் வாசல் சுவரோடு நிற்கட்டும். நடைபாதை விளக்கு எரியவில்லையென்றால் அது நகர மன்றத்தின் வேலை. சன்னல், பால்கனி அருகிலும் இதே விதி. கிரில்லைப் பூட்டாமல் அங்கே ஏணி வைக்கக் கூடாது. பணிப்பெண் உள்ள வீடுகளுக்கு 2012 முதலே மனிதவள அமைச்சின் நிபந்தனை உண்டு: சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது கிரில் பூட்டியிருக்க வேண்டும், முதலாளி அல்லது அவர் சார்பில் ஒரு பெரியவர் கூட இருந்து பார்க்க வேண்டும். தரைத்தளத்துக்கும் பொது நடைபாதைப் பக்கத்துச் சன்னலுக்கும் அது பொருந்தாது.

வேலையிடத்துக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உயரத்தில் வேலை செய்வது பற்றிய 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 3.8 மீட்டர் ஏணி கையில் இருக்கிறது என்பதற்காக மேற்பார்வையாளர் ஏறச் சொன்னால், முதலில் சீட்டைக் கேட்கலாம். இந்த ஏணியின் படி மெல்லியது, ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க ஏற்றதல்ல. சுவர் முழுக்கச் சாயம் பூசுவதற்கு மேடையுள்ள ஏணி கேளுங்கள்.

பராமரிப்பில் செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறோம்: எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள். படி இறுகினால் உடனே எண்ணெய்ப் புட்டியை எடுப்பவர்கள் அதிகம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், கூரையில் டிரில் போட்ட சிமெண்ட் தூள் அதோடு சேர்ந்து பசையாகி, பின் துளைக்குள் போகாமல் பாதியில் நிற்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் காயத் துடைத்து, உலர்ந்த சிலிக்கோன் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். துளையிடும் வேலை முடிந்ததும் மடக்குவதற்கு முன்பே துடைக்க வேண்டும். மடக்கினால் தூள் உள்ளே போய்விடும். மழையில் நனைந்த ஏணியை நீட்டியபடியே காய வையுங்கள், இந்த ஊர் ஈரப்பதத்தில் ஸ்பிரிங் துருப்பிடிக்க நாளாகாது. குழாயில் சிறு நசுங்கல் விழுந்தாலும் அந்த ஏணி முடிந்தது, தட்டி நிமிர்த்துவது நடக்காத காரியம். ரப்பர் பாதம் தேய்ந்தால் அந்த மாதிரிக்குரிய மாற்றுப் பாதம் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.

வைக்கும் இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் வீட்டுப் புகலிட அறையில் கதவோரம் நிமிர்த்தி வைத்தால் இடம் பிடிக்காது. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும், அங்கே ஏணி வைத்தால் தீ விபத்து நேரத்தில் பக்கத்து வீட்டாருக்கும் இடைஞ்சல்.

பூட்டு கெட்ட ஏணியை அப்படியே குப்பைத்தொட்டி ஓரம் சாய்த்துவிட்டு வராதீர்கள். பார்ப்பதற்கு நல்ல ஏணியாகத்தான் இருக்கும், யாராவது எடுத்துப்போய் ஏறுவார்கள். பக்கக் குழாய்களை இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்துவிட்டு, வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரரிடம் பழைய அலுமினியமாகக் கொடுங்கள், அல்லது பெரிய பொருள்களை அகற்றும் சேவைக்கு நகர மன்றத்திடம் சொல்லி வையுங்கள்.