மூளைக் கட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போட டாக்டர் சம்மதித்தார், இன்சூரன்ஸ் கவுண்டர் சம்மதிக்கவில்லை

எனக்குத் தலையில் மெனிஞ்சியோமா, அதாவது மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளரும் கட்டி. கடையில் வலிப்பு வந்து விழுந்தபோதுதான் தெரிந்தது. இடது முன்பக்கம், 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சுற்றிலும் மூளை வீங்கியிருந்தது. மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி, மயக்க மருந்து டாக்டரிடம் ஃபிட்னஸும் வாங்கி, இன்சூரன்ஸ் அப்ரூவலும் வந்துவிட்டது. அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. அட்மிஷனுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது என் மனைவிக்கு ஹார்ட் அட்டாக்.

இதே நிலையில் வேறு யாராவது இருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்ல ஆளே இல்லை.

முதல் கோபம் எங்கள் ஊரில் இருக்கும் ஒரு நர்சிங் ஹோம் மீது. அவளுக்கு நெஞ்சு வலியே இல்லை. தாடையிலும் முதுகிலும் ஒரு வலி, வேர்வை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டியூட்டி டாக்டர் ஒரு ஈசிஜி எடுத்தார். "ஒண்ணும் இல்லைம்மா, சாருக்கு ஆபரேஷன்னு டென்ஷன்ல இருக்கீங்க" என்று கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று ராத்திரியே அதே வலி கூடுதலாக வந்தது. எனக்கு வலிப்பு வந்ததிலிருந்து வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்து வீட்டுத் தம்பிதான் காரை எடுத்தான். ராஜபாளையத்திலிருந்து மதுரை போய்ச் சேரும்வரை அவள் என் கையை விடவில்லை. அங்கே ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில் அட்டாக் என்று தெரிந்தது. ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

பெண்களுக்கு அட்டாக் இப்படியும் வரும். ஈசிஜி ஒருமுறை சரியாக இருந்துவிட்டால் அட்டாக் இல்லை என்று ஆகிவிடாது. ட்ரோபோனின் பாருங்கள், சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டில் கவலை இருக்கிறது என்பதற்காக உடம்பில் நோய் இருக்காது என்று யாரும் முடிவு கட்ட விடாதீர்கள்.

ஐசியுவில் படுத்துக்கொண்டு அவள் சொன்னது, "நீங்க தேதிய விட்டுராதீங்க, போய்ப் பண்ணிக்கோங்க, நான் இருந்துக்கிறேன்." மகன் பெங்களூரில் இருந்து வந்துவிட்டான். ஆனால் அவன் ஒருவன் இரண்டு ஆஸ்பத்திரியில் எப்படி நிற்பான்? நான் மயக்கத்தில் கிடக்கும்போது இவளுக்கு ஏதாவது ஆனால்? எனக்கே ஏதாவது ஆகி, அந்தச் செய்தி இந்த இதயத்தோடு இருப்பவளிடம் போனால்? யோசிக்க முடியவில்லை. நேராக என் சர்ஜனிடம் போய்க் கேட்டேன்.

அவர் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தார். மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது, உங்களுக்குப் பார்வையோ கை காலோ பாதிக்கவில்லை, வலிப்பும் மாத்திரையில் நிற்கிறது, அதனால் இரண்டு மாதம் போலக் காத்திருக்கலாம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்றார். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், மறுபடி வலிப்பு, இதில் எது வந்தாலும் தேதி பார்க்காமல் ஓடி வரவேண்டும். வலிப்பு மாத்திரையான லெவெடிரசெட்டத்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோனை நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் வாராவாரம் பார்த்துக்கொண்டேன். தயவுசெய்து என்னைப் பார்த்து யாரும் தாங்களாக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். வேகமாக வளரும் கட்டிக்கும், மூளையில் நீர் அடைக்கிற கட்டிக்கும், பார்வை நரம்பை அழுத்துகிற கட்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

டாக்டரிடம் பேசி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் பாடு ஆரம்பித்தது.

எங்களுக்கு இருப்பது குடும்பத்துக்கே சேர்த்து 5 லட்சம் ரூபாய் பாலிசி. இதய ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சார், உங்க பேர்ல மூன்றரை லட்சம் பிளாக் ஆகியிருக்கு. மேடத்துக்கு ஒன்றரைதான் வரும்." நான் இன்னும் ஆஸ்பத்திரியில் சேரவே இல்லை. ஆனால் எனக்கு அப்ரூவல் கொடுத்த அன்றே அந்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அவளுடைய பில் அதைத் தாண்டி 80 ஆயிரம் ரூபாய் போனது.

சரி, என் ஆபரேஷன்தான் தள்ளிப் போய்விட்டதே, அதை விடுவியுங்கள் என்று என் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கேன்சல் பண்ண டாக்டர் லெட்டர் வேண்டும் என்றார். டாக்டரின் உதவியாளரிடம் போனால், "ஆபரேஷன் கேன்சல் ஆகலையே, தள்ளித்தானே வச்சிருக்கு, கேன்சல்னு எப்படி எழுதுறது?" என்கிறார். திரும்பக் கவுண்டருக்கு வந்தால், தள்ளிவைப்பு என்று கம்ப்யூட்டரில் ஒரு இடமே கிடையாது, ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்து செய்ய வேண்டும் என்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்தால்தான் எடுப்போம் என்கிறார்கள். தலையில் கட்டியோடும் வலிப்பு மாத்திரை மயக்கத்தோடும் அந்த வராந்தாவில் செக்குமாடு மாதிரி சுற்றினேன். அங்கே மனைவி ஐசியுவில்.

கடைசியில் சர்ஜனின் கீழ் வேலை பார்க்கும் இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். அவர் அதையே ஓபி சீட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். கிட்டத்தட்ட இதுதான் வாசகம்: "நோயாளியின் மனைவிக்கு ஏற்பட்ட அவசர இதயச் சிகிச்சை காரணமாக அறுவைசிகிச்சைத் தேதி மாற்றப்படுகிறது. சிகிச்சை இன்னும் தேவை. தற்போதைய முன் அனுமதியை ரத்து செய்யவும், புதிய தேதிக்குப் புதிதாக விண்ணப்பிக்கப்படும்." இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் சிக்கல்தான். முக்கியமாக 'சிகிச்சை இன்னும் தேவை' என்ற வரி. அது இல்லாவிட்டால் நாளைக்கு, நீங்களே வேண்டாம் என்றுதானே ரத்து செய்தீர்கள் என்று கேட்பார்கள்.

அந்த லெட்டர் போய்த் தொகை விடுபடுவதற்குள் அவளை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். மகளின் நகையை அடகு வைத்து 80 ஆயிரத்தைக் கட்டினோம். கட்டிய ரசீதையும், ஸ்டென்ட் டப்பாவில் வருகிற ஸ்டிக்கரையும், ஸ்டென்டின் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பணம் திரும்பக் கேட்கும்போது அந்த ஸ்டிக்கர் இல்லாமல் ஃபைலை எடுக்கவே மாட்டேன் என்றார்கள். நல்லவேளை, மகன் வாங்கி வைத்திருந்தான்.

வீட்டில் இரண்டு மாதம். அவளுக்கு ஆஸ்பிரினும் டிகாகிரலாரும். இரண்டுமே ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரைகள், மூளை ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற நான் தப்பித் தவறியும் அவற்றை விழுங்கக் கூடாது. என் மகள் இரண்டு பேர் மாத்திரையையும் வேறு வேறு நிற டப்பாவில் போட்டு, ஒன்றைச் சமையலறையிலும் இன்னொன்றைப் பூஜை அலமாரியிலும் வைத்தாள். ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் இருந்தால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். அந்த நாட்களில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அது லெவெடிரசெட்டத்தால் வரக்கூடியதுதான் என்று டாக்டர் சொல்லி அளவைச் சரிசெய்தார். முன்பே தெரிந்திருந்தால் வீட்டில் பயந்திருக்க மாட்டார்கள்.

அவளுடைய எக்கோவில் பம்பிங் 45 சதவீதத்திலிருந்து 55க்கு வந்ததும் இதய டாக்டர், பகலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம், ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் படுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். ராத்திரிக்கு என் கொழுந்தியா வருவதாக ஒத்துக்கொண்டாள். தேதி வாங்கினோம்.

பழையது எதுவும் செல்லவில்லை. எம்ஆர்ஐ புதிதாக எடுக்க வேண்டும், அதற்குக் கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும், மயக்க மருந்து ஃபிட்னஸ் மறுபடி வாங்க வேண்டும். எம்ஆர்ஐயில் கட்டி அளவு மாறவில்லை என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

இன்சூரன்ஸில் மறுபடி மோதல். அவளுக்குச் செலவானது போக மீதி என் ஆபரேஷனுக்குப் போதாது. எங்கள் பாலிசியில் தொகையை மீண்டும் நிரப்பித் தரும் வசதி உண்டு. கவுண்டரில் அதெல்லாம் வராது என்று அடித்துச் சொன்னார்கள். பாலிசிப் புத்தகத்தை எடுத்து, மீதம் போதாவிட்டால் குடும்பத்தில் இன்னொருவருக்கு நிரப்பிய தொகையைப் பயன்படுத்தலாம் என்ற பக்கத்தை மகன் காட்டினான். சில பாலிசிகளில் முழுத் தொகையும் தீர்ந்தால்தான் இது கிடைக்கும், உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். அப்புறமும் நாளைக்கு வாங்க என்றார்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை மகன் போனில் காட்டி, ஆணையத்தின் புகார் எண்ணான 155255க்குப் புகார் கொடுக்கப் போகிறேன் என்றான். அன்று சாயங்காலமே முழுத் தொகைக்கும் அப்ரூவல் வந்தது. அவனை அன்றைக்கு நினைத்து ரொம்பப் பெருமைப்பட்டேன்.

ரத்தத்துக்கு இரண்டு டோனர் கேட்டார்கள், கடைப் பையன்கள் வந்து கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள், பயாப்சியில் கிரேடு 1, அதாவது புற்றுநோய் இல்லாத வகை. கண் விழித்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் முதலில் மணியைப் பார்த்துத் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்னபடி நடக்கிறாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த 80 ஆயிரம் இன்னும் வரவில்லை. அசல் ரசீது, அசல் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு தாளையும் நகல் எடுத்து, கொடுத்ததற்கு முத்திரை போட்ட ஒப்புகையும் வாங்கி வைத்திருக்கிறேன். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்தாகிவிட்டது. 30 நாளில் பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதாக இருக்கிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.