மூச்சுவேர்களுக்கு நடுவே

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்று காலை ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும் நேரம். கண்டல் மரத்தடியில் பென்சில் நட்டதுபோல நிற்கும் மூச்சுவேர்கள். அவற்றின் இடையே விரல்நீள மடவை மீன் குஞ்சுகள், கூட்டமாக.

வெளியே ஆழத்தில் இரை தேடி ஒரு கொடுவா மீன் சுற்றியது. உள்ளே நுழைய இடமில்லை.

அந்தச் சந்துதான் குஞ்சுகளுக்கு உயிர். உதிரும் இலை மக்கி, இறால் குஞ்சுக்கும் மடவைக்கும் இரையாகிறது.

கொஞ்சம் தள்ளி மரமே இல்லாத பள்ளம். ஓரத்தில் உப்புநிலத்தில் வளரும் உமரிச் செடி மட்டும்.

முன்பு கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக மரம் வெட்டிய இடங்கள் இப்படித்தான் ஆயின. வெயிலில் சேறு வற்றி நிலம் தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் வடியாமல் ஆவியாகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்தத் தேங்கலில் கோடையில் இருமடங்கையும் தாண்டும். விதை முளைக்காது, மீன் தங்காது.

இங்கே வெறுமனே கன்று நட்டால் செத்துப்போகும். முதலில் தண்ணீருக்கு வழி வேண்டும்: மீன்முள் மாதிரி நடுவாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். கன்று கரைச்சரிவின் நடுவில். ஓதம் தொட வேண்டும், மூழ்கடிக்கக் கூடாது.

பிறகு அந்த வாய்க்கால்களைத் தூர்வாருவது. பலரும் மறப்பது இதைத்தான்.

வண்டல் அடைத்த கிளை ஒன்றில் இன்று ஒரு குஞ்சுகூட இல்லை.